‘ஒரு வயசு ஆகட்டும், பார்க்கலாம்’ என்னும் தவறான அறிவுரை

“அவசரப்படாதீங்கம்மா. சில பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும். ஒரு வயசு ஆகட்டும், பார்க்கலாம்.”

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிய எந்தத் தாயைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தை ஒப்பிப்பார். மாமியார் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா, தன் மகன் ஒன்றரை வயதில்தான் எழுந்து நடந்தான் என்று சாட்சி சொல்வார். தடுப்பூசி போடும் இடத்திலும் இதே பேச்சு. கடைசியில் மருத்துவரே, “பெருமூளை வாதமா இல்லையான்னு ஒரு வயசுக்கு முன்னாடி யாராலும் சொல்ல முடியாது” என்று முத்திரை குத்தி அனுப்புவார். இதைச் சொல்பவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தச் சொல்லின் அறிவியல் அடிப்படை உடைந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது.

இந்த அறிவுரை பொருந்தும் குழந்தைகளும் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நிறைமாதத்தில் பிறந்து, பிறந்ததும் வீறிட்டு அழுது, நன்றாகப் பால் குடித்து வளரும் குழந்தை எட்டு மாதத்தில் உட்காரவில்லை என்று வீடே கலங்கினால், பொறுங்கள் என்று சொல்வதில் பிழையில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளை மாதாமாதம் கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்கில், துணையின்றி உட்காரும் வயது 3.8 மாதத்தில் தொடங்கி 9.2 மாதம் வரை நீள்கிறது. தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. அவர்களும் பிறகு நடந்தார்கள்.

இங்கே பேசப்படும், பெருமூளை வாத அபாயம் கூடிய குழந்தைகள் வேறு. 32 வாரத்துக்கு முன்பே பிறந்தவர்கள், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாக இருந்தவர்கள், பிறந்ததும் அழாமல் மூச்சுத்திணறியவர்கள், முதல் சில நாட்களிலேயே ஃபிட்ஸ் வந்தவர்கள், மூளைக்குள் ரத்தம் கசிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தவர்கள், மஞ்சள்காமாலை மூளையைப் பாதிக்கும் அளவுக்கு ஏறியவர்கள். இவர்களிடமும் மேலே சொன்ன அகலமான அளவுகோலையே நீட்டுவதுதான் பிழை. ஆரோக்கியமான குழந்தையே நடக்க 17 மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்றால், நடையைப் பார்த்துத்தான் பாதிப்பைத் தீர்மானிப்பேன் என்பவர் ஒன்றரை வருடத்தைக் கைகழுவத் தயாராகிவிட்டார் என்று பொருள். அந்த ஒன்றரை வருடம்தான் மூளை தன் பாதைகளைத் தீவிரமாக அமைத்துக்கொள்ளும் காலம்.

ஒரு வயதுக்கு முன் எதுவும் தெரியாது என்பது ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாகவே இருந்தது. அன்றைய நரம்பியல் பரிசோதனை, குழந்தையை ஏதாவது செய்து அது என்ன செய்கிறது என்று பார்ப்பது. முழங்காலில் தட்டுவார்கள், கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள், தலையைச் சட்டென்று தாழ்த்தி அது திடுக்கிடுகிறதா என்று பார்ப்பார்கள். இந்த வகைப் பரிசோதனைக்கு 1964-இல் கையேடு எழுதிய இருவரில் ஒருவர் ஹைன்ஸ் பிரெக்டல். வியன்னாவில் பிறந்து, நெதர்லாந்தின் குரோனிங்கனில் பணியாற்றியவர். விலங்குகளைத் தொந்தரவு செய்யாமல், அவை தாமாக என்ன செய்கின்றன என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கும் நடத்தையியல் மரபு அவருக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தை அவர் குழந்தையின் தொட்டிலருகே கொண்டுவந்தார்.

1980-களின் தொடக்கத்தில் அவரும் அவரது சகாக்களும் அல்ட்ராசவுண்ட் கருவியில் கருவைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒன்பது, பத்து வாரத்திலேயே கரு உடல் முழுதும் அசைகிறது. யாரும் தொடவில்லை, எதுவும் தூண்டவில்லை. நரம்பு மண்டலம் தானாகவே அசைவை உண்டாக்குகிறது. அதே அசைவு பிறந்த பின்னும் தொடர்கிறது. பிறந்து முதல் இரண்டு மாதம் வரை அது நெளிவதுபோல் இருக்கும். கை, கால், கழுத்து, உடம்பு என்று வரிசை மாறி மாறி, வேகம் கூடிக் குறைந்து வரும். பிறகு அது மறைந்து, நிறைமாதப் பிரசவத் தேதியிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது வாரம் முதல் இருபதாவது வாரம் வரை வேறொன்று தோன்றுகிறது. கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என எல்லா மூட்டிலும் எல்லாத் திசையிலும் நடக்கும் சின்னஞ்சிறு துறுதுறுப்பு. விழித்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருக்கும் மூன்று மாதக் குழந்தையை அவசரமில்லாமல் பார்த்த எவரும் இதைக் கண்டிருப்பார்கள்; பெயர் வைத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பிரெக்டலின் கண்டுபிடிப்பு இந்தத் துறுதுறுப்பின் இன்மையைப் பற்றியது. மூளை அடிபட்ட குழந்தையும் அசையும். சில வேளை அதிகமாகவே அசையும். அசைவின் அளவை எண்ணினால் எதுவும் பிடிபடாது. ஆனால் அந்த அசைவில் மாற்றமும் நெகிழ்வும் இருக்காது. கைகால்கள் ஒரே நேரத்தில் விறைத்து ஒரே நேரத்தில் தளரும். மூன்று மாதத்தில் வரவேண்டிய துறுதுறுப்பு வராமலே போகும். பழங்காலப் பரிசோதனை தூண்டலுக்கு வரும் எதிர்வினையைப் பார்த்தது, இவர் தானாக வரும் அசைவின் தரத்தைப் பார்த்தார்.

1997-இல் லான்செட் இதழில் பிரெக்டலும் ஐந்து ஆய்வாளர்களும் 130 குழந்தைகளின் கணக்கைக் கொடுத்தார்கள். துறுதுறுப்பு இயல்பாக இருந்த 70 குழந்தைகளில் 67 பேர் பின்னாளில் நரம்பியல்ரீதியாக இயல்பாகவே வளர்ந்தார்கள். துறுதுறுப்பு இல்லாத அல்லது பிறழ்ந்திருந்த 60 பேரில் 57 பேருக்குக் குறைபாடு உறுதியானது. அவர்களில் 49 பேருக்குப் பெருமூளை வாதம். அதே குழந்தைகளுக்கு எடுத்த மூளை அல்ட்ராசவுண்ட் இந்தத் துல்லியத்தை எட்டவில்லை. விலையுயர்ந்த கருவியைவிட, பயிற்சி பெற்ற ஒரு ஜோடிக் கண்ணும் சில நிமிட வீடியோவும் நன்றாகக் கணித்தன.

ஒரே ஆய்வுதானே என்று தள்ளிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் ஐயோனா நோவாக் தலைமையில் பல நாட்டு வல்லுநர்கள் அதுவரை வந்த ஆதாரங்களைத் திரட்டி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஐந்து மாதத்துக்கு முன் பெருமூளை வாதத்தைக் கண்டறிய மூன்றைப் பரிந்துரைக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன், கண்டறியும் திறன் 86 முதல் 89 சதவீதம். ஹாமர்ஸ்மித் என்னும் நரம்பியல் பரிசோதனை, 90 சதவீதம். அசைவு மதிப்பீடு, 98 சதவீதம். வழக்கமாக 12 முதல் 24 மாதத்தில் சொல்லப்பட்டுவந்த நோயை ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லலாம், உறுதியாகத் தெரியாதபோது ‘அதிக அபாயம்’ என்ற இடைக்காலப் பெயரிட்டுச் சிகிச்சையைத் தொடங்கலாம் என்று அது பச்சையாக எழுதியது. இத்தனைக்குப் பிறகும் “ஒரு வயசுக்கு முன்னாடி யாராலும் சொல்ல முடியாது” என்பவர், தனக்குச் சொல்லத் தெரியாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

“ஸ்கேன் நார்மல், கவலைப்படாதீங்க” என்பது இதன் இன்னொரு வடிவம். தலை அல்ட்ராசவுண்ட் பெரிய கசிவைக் காட்டும். நுண்ணிய வெண்பொருள் சேதத்தைத் தவறவிடும். நார்மல் என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதிய காகிதத்தைக் கையில் கொடுத்து, அடுத்த பரிசோதனைக்கு நாள் குறிக்காமல் அனுப்புவது ஆறுதலாக இருக்கலாம், மருத்துவமாக இல்லை.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. மூன்று மாதக் குழந்தையின் தாயிடம் போய் இப்படியொரு பெயரைச் சொல்லி அவளை உடைக்க வேண்டுமா? நாளைக்கே அது பொய்யாகிவிட்டால்?

பொய்யாகும் வாய்ப்பு உண்டு. அதை மறைக்கிற எந்தப் பரிந்துரையும் நேர்மையற்றது. 2018-இல் வந்த தொகுப்பாய்வின்படி துறுதுறுப்பு மதிப்பீட்டின் கண்டறியும் திறன் 97 சதவீதம். நோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்லும் திறன் 89 சதவீதம். இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். அபாயமுள்ள நூறு குழந்தைகளில் பத்துப் பேருக்குப் பெருமூளை வாதம் வரப்போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பத்துப் பேரும் ஏறக்குறைய முழுதாகப் பிடிபடுவார்கள். நோய் இல்லாத தொண்ணூறு பேரில் பத்துப் பேர் தவறாக எச்சரிக்கப்படுவார்கள். ஆக, எச்சரிக்கை பெறும் இருபது பேரில் பாதிப் பேருக்கு அது வீண் பயம்.

பயமுறுத்தாதே என்பவர்கள் இந்தப் பத்துப் பேரோடு நின்றுவிடுகிறார்கள். மீதி எண்பது பேர் எங்கே போனார்கள்? இன்குபேட்டர் நாட்களின் கலக்கம் தீராமல், குழந்தை கையை மடக்கினாலும் பயம் நீட்டினாலும் பயம் என்று இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் எண்பது குடும்பங்களுக்கு, “துறுதுறுப்பு இருக்கிறது, பெருமூளை வாதத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு” என்று மூன்றாம் மாதத்திலேயே சொல்லிவிடலாம். இந்தப் பரிசோதனை அதிகமாகத் தருவது நிம்மதியைத்தான். காத்திருக்கச் சொல்லும் மருத்துவம் அந்த நிம்மதியையும் சேர்த்தே ஒரு வருடம் தள்ளிப்போடுகிறது. தவறாக எச்சரிக்கப்பட்ட பத்துப் பேருக்கு நேர்வது என்ன? அடிக்கடி பரிசோதனை, குப்புறப் படுக்கவைத்து விளையாட்டு, எட்டிப் பிடிக்கப் பொம்மை, சில மாதக் கவலை. கவலை சிறிய விலை இல்லை. ஆனால் தராசின் மறுதட்டில் இருப்பது ஒரு குழந்தையின் கை இயங்குமா என்பது.

தாய் எதுவும் அறியாமல் நிம்மதியாக இருக்கிறாள் என்ற எண்ணமே கற்பனை. டயப்பர் மாற்றத் தொடை விரியவில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் தெரிகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டி, “பிள்ளை உடம்பு விறைப்பா இருக்கே” என்று எந்தக் கையேட்டையும் படிக்காமல் சொல்லிவிடுகிறார். இங்கிலாந்தில் பெருமூளை வாதக் குழந்தைகளின் பெற்றோரிடம் நடத்தப்பட்டு 2000-இல் வெளிவந்த ஆய்வில், சீக்கிரமே சொல்லப்பட்டவர்கள்தான் சொல்லப்பட்ட விதம் குறித்துக் கூடுதல் திருப்தி தெரிவித்தார்கள். மறைப்பதால் பயம் குறைவதில்லை. பயத்தோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது.

சீக்கிரம் கண்டுபிடித்து என்ன செய்துவிடப் போகிறோம், குணப்படுத்தவா முடியும் என்பது மூன்றாவது கேள்வி. இதில் ஆரம்பநிலைப் பயிற்சியின் ஆதரவாளர்கள் சிலர் வாக்குறுதியை அள்ளி வீசி எதிர்த்தரப்புக்கு வசதி செய்துகொடுத்திருக்கிறார்கள். பொதுவான பயிற்சித் திட்டங்களைப் பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு, குறைமாதக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் பள்ளிக்கு முந்தைய வயதுவரை பலன் தெரிகிறது, உடலியக்கத்தில் பலன் சிறியது என்றே சொல்கிறது. பிசியோதெரபி கொடுத்தால் மூளைச் சேதம் மறைந்துவிடும் என்று விளம்பரம் செய்யும் மையங்களை நம்ப வேண்டியதில்லை.

குணம் என்பதை மட்டும் பலனாக எண்ணினால்தான் இந்தக் கேள்விக்கு வலு. இடுப்பை எடுத்துக்கொள்வோம். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவுகிறது. வலியோ அறிகுறியோ தொடக்கத்தில் இருக்காது. முழுதாக விலகிய பிறகு உட்காருவதும் கடினம், அறுவை சிகிச்சையும் பெரிது. தெற்கு ஸ்வீடனில் 1994-இல், இந்தக் குழந்தைகள் எல்லோரையும் பதிவுசெய்து, குறித்த இடைவெளியில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். இருபது ஆண்டுக் கணக்கில், முன்பு 9 சதவீதமாக இருந்த இடுப்பு விலகல் 0.5 சதவீதமாகக் குறைந்தது. அதிசய மருந்து எதுவுமில்லை. இந்தக் குழந்தையின் இடுப்பைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கோ சரியான நேரத்தில் தெரிந்திருந்தது. பெயரிடப்படாத குழந்தை அந்தப் பட்டியலில் ஏறாது. பார்வை, கேட்கும் திறன், விழுங்குவதில் உள்ள சிக்கல், வலிப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கையைப் பற்றிய ஆதாரம் இன்னும் சுவாரசியமானது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்புகள் இடத்துக்காகப் போட்டியிடுகின்றன. பயன்படுத்தப்படும் பக்கம் வெல்கிறது, சும்மா இருக்கும் பக்கம் பின்வாங்குகிறது. பூனைக்குட்டிகளில் நடந்த ஆய்வுகளில், பாதிப்பில்லாத முன்காலைக் கட்டிவைத்து மற்றதுக்கு இளம்பருவத்திலேயே பயிற்சி கொடுத்தபோது இயக்கம் திரும்பியது. தாமதித்துத் தொடங்கிய குட்டிகளில் அப்படித் திரும்பவில்லை. ஸ்வீடனில் ஒரு வயதுக்குட்பட்ட, ஒருபக்க பாதிப்புள்ள சிறு எண்ணிக்கைக் குழந்தைகளிடம் நல்ல கையைச் சிறிது நேரம் கட்டுப்படுத்திப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், மசாஜ் மட்டும் பெற்றவர்களைவிடக் கையின் பயன்பாடு மேம்பட்டது. பூனைக்குட்டி வேறு, மனிதக்குட்டி வேறு, எண்ணிக்கையும் சிறிது. ஆனாலும் காத்திருப்பதற்குச் சாதகமாக இதற்கு இணையான ஓர் ஆய்வைக் காட்டச் சொல்லிக் கேட்டால், எதிர்த்தரப்பின் கை வெறுங்கைதான்.

இதெல்லாம் வெளிநாட்டுக்குச் சரி, நம் ஊருக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தையின் உடலைக் குளிரவைக்கும் சிகிச்சை மேலை நாடுகளில் உயிர்காக்கும் முறை. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் அதைச் சோதித்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021-இல் வெளியானபோது, குறைபாடு குறையவில்லை, இறப்பு கூடியது என்று தெரிந்தது. எனவே எந்த முறையையும் இங்கே சோதிக்காமல் இறக்குமதி செய்யக் கூடாது.

அசைவு மதிப்பீடு இங்கே சோதிக்கப்பட்டிருக்கிறது, அதுவும் வேலூரில். சி.எம்.சி. மருத்துவமனையில் மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளின் மூன்று மாத அசைவுகளை நார்வே ஆய்வாளர்களோடு சேர்ந்து பதிவுசெய்து, ஒரு வயதில் அவர்களின் இயக்க வளர்ச்சியோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பிருப்பது 2016-இல் வெளியானது. கணினியே வீடியோவைப் பார்த்துக் கணிக்கும் முறையைப் பற்றி 2022-இல் வந்த ஆய்வில் ஐந்து நாடுகளின் 557 குழந்தைகள் இடம்பெற்றார்கள். அந்த ஐந்தில் இந்தியாவும் ஒன்று. அந்தக் கணினி இன்னும் மனிதக் கண்ணின் இடத்தைப் பிடிக்கவில்லை, பெருமூளை வாதமுள்ள குழந்தைகளில் பத்துக்கு மூன்று பேரைத் தவறவிட்டது. மேற்கு வங்கத்தில் லீப்-சி.பி. திட்டத்தில், சமூகப் பணியாளர்களே கைப்பேசியில் குழந்தையின் அசைவைப் பதிவுசெய்து அனுப்ப, தொலைவிலிருக்கும் வல்லுநர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு செய்யப்பட்டது.

செலவைக் காரணம் காட்டுவது எடுபடாது. குழந்தையை மெல்லிய உடையோடு மல்லாத்திப் படுக்கவைத்து, நிப்பிளும் கிலுகிலுப்பையும் இல்லாமல், யாரும் கொஞ்சாமல், அது விழித்து அமைதியாக இருக்கும்போது மூன்று முதல் ஐந்து நிமிடம் எடுக்கும் வீடியோதான் தேவை. அழும்போது எடுத்தது செல்லாது. ஹாமர்ஸ்மித் பரிசோதனைக்கு 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண்; படிவத்துக்குக் கட்டணமில்லை. விலை கொடுக்க வேண்டியது பயிற்சிக்கு. வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது சில நாள் முறையான வகுப்பும் தொடர்ந்த பழக்கமும் கேட்கும் வேலை. யூடியூபில் இரண்டு காணொளி பார்த்துவிட்டுப் பெற்றோரே முடிவுசெய்வது ஆபத்து. இந்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் அமைக்கும் ஏற்பாடு உண்டு. அங்கே பிசியோதெரபிஸ்ட் பணியிடமும் உண்டு. அவருக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தால் போதும். புதுக் கட்டடம் வேண்டாம்.

கால எல்லை என்ற ஒன்றை நம் மருத்துவம் ஏற்கவே ஏற்காது என்றும் இல்லை. குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பிறந்து முப்பது நாளுக்குள் பார்த்தாக வேண்டும் என்பது இன்று இங்கே விதி. அது சும்மா வந்த விதியில்லை. 1996-இல் சென்னையில் 29-வது வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு அந்தச் சோதனையைச் செய்ய யாரும் சொல்லவில்லை; பார்வை போயிற்று. 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. குழந்தை வளரட்டும், கண் தெரிகிறதா என்று பிறகு பார்க்கலாம் என்று இன்று எந்தக் குழந்தை மருத்துவரும் வாய்தவறியும் சொல்ல மாட்டார். அதே குழந்தையின் அசைவைப் பற்றி மட்டும் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை.

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் காகிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பதைக் கணக்கிடுவது எளிது. ஜனவரி 1 அன்று 30-வது வாரத்தில் பிறந்த குழந்தையின் பிரசவத் தேதி மார்ச் 12. அந்தத் தேதியிலிருந்து எண்ணினால், அசைவை வீடியோ எடுக்க மிகப் பொருத்தமான 12 முதல் 14 வாரம் என்பது ஜூன் 4 முதல் 18 வரை. ஜூலை கடைசியில் கதவு மூடிவிடும். தடுப்பூசிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தப்பும்: பிறந்த நாளிலிருந்து எண்ணும் 14-வது வாரத் தடுப்பூசி ஏப்ரலிலேயே முடிந்துவிடும், துறுதுறுப்பு தோன்றும் காலம் அப்போது தொடங்கியே இருக்காது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் பிக்மி என்னும் அரசுப் பதிவு எண்ணோடும் உத்தேசப் பிரசவத் தேதியோடும் பதிவாகிறது. இந்தத் தேதிகளைக் கணினியே போட்டுக் கொடுத்துவிடும். ஒரு வயசு ஆகட்டும் என்பவர் அந்தக் குழந்தையின் தாய்க்குக் குறித்துக்கொடுப்பது அடுத்த ஜனவரியை.